ஒரே நிலத்துக்கு ரெண்டு பத்திரம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னைக்கு பொட்டி தட்டுற மேட்டர் ஒண்ணு. டுடோரியல் எல்லாம் இல்ல, சரித்திரம்தான். "ஐயோ, ப்ரோகிராமிங்கா"ன்னு ஓடிடாதீங்க. ஒரே நிலத்தை ரெண்டு பேருக்குப் பத்திரம் போட்டுக் குடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் இந்தக் கதை புரியும்.

கோ மொழியில எழுத்துக்களை வச்சுக்க ரெண்டு பாத்திரம் உண்டு. ஒண்ணு ஸ்ட்ரிங், இன்னொண்ணு பைட் ஸ்லைஸ். உள்ள எட்டிப் பார்த்தா ரெண்டுமே மெமரியில வரிசையா உக்காந்திருக்கிற பைட்டுகள்தான். வித்தியாசம் என்னன்னா, ஸ்ட்ரிங்கை ஒரு தடவை உருவாக்கிட்டா அப்புறம் யாரும் மாத்த முடியாது. பைட் ஸ்லைஸை யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் மாத்தலாம். அதனால ஒண்ணை இன்னொண்ணா மாத்தச் சொன்னா, கோ புதுசா ஒரு இடம் பிடிச்சு, எல்லா பைட்டையும் அங்க காப்பி எடுத்து வச்சுட்டு, "இந்தா, இது உன்னோடது"ன்னு குடுக்கும். பழைய இடம் ஒருத்தருக்கு, புது இடம் இன்னொருத்தருக்கு. சண்டையே இல்ல.

சண்டை இல்லாம இருக்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு 1 கேபி காப்பின்னு வச்சுக்கங்க. செகண்டுக்கு 50,000 ரெக்வெஸ்ட் வந்தா, செகண்டுக்கு 50 எம்பி சும்மாவே இங்கிருந்து அங்க போகுது. காப்பி எடுக்கிறது கூட பரவாயில்ல, அது வேகமா முடிஞ்சுடும். ஒவ்வொரு காப்பிக்கும் புது இடம் ஒதுக்கணும், வேலை முடிஞ்சதும் கார்பேஜ் கலெக்டர் வந்து எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கணும். வலி அங்கதான்.

இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க மூளை வேலை செய்யும். "பைட்டு அதே பைட்டுதானே? எதுக்கு காப்பி? அதே இடத்துக்கு 'ஸ்ட்ரிங்'னு இன்னொரு பத்திரம் எழுதிட்டா போச்சு!" ஒரே வரிதான் கோடு. அன்சேஃப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதை இழுத்துப் போட்டு, ஸ்லைஸோட அட்ரஸை எடுத்து, "இது ஸ்ட்ரிங்குதான், என்னை நம்பு"ன்னு கம்பைலர்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சது. காப்பி கிடையாது, புது இடமும் கிடையாது. (அன்சேஃப்னா பத்திரம் இல்லாததுன்னு அர்த்தம். இங்க பிரச்சினையே ரெண்டு பத்திரம் இருக்கிறதுதான். ஹிஹி, மன்னிச்சுக்கங்க.)

இந்த ஒரு வரி நேத்து முளைச்சது இல்ல. அதோட தாத்தாவுக்கு வயசு கிட்டத்தட்ட 70.

1957-ல ஐபிஎம் 704 மெஷினுக்காக ஜான் பேக்கஸ் தலைமையில இருந்த டீம் ஃபோர்ட்ரானை வெளியிட்டாங்க. அந்த மெஷின்ல ஒரு வேர்டுக்கு 36 பிட். சின்ன அளவு மெமரி வாங்கினவங்களுக்கு மொத்தமே 4,096 வேர்டு. இன்னைக்கு கணக்குல 18 கேபி. காலங்காத்தால சொந்தக்காரங்க வாட்ஸப்புல அனுப்புற ரோஜாப்பூ குட்மார்னிங் படம் ஒண்ணு கூட அதுல அடங்காது :-)

அந்த முதல் ஃபோர்ட்ரான்ல இருந்ததே 32 வகை ஸ்டேட்மெண்ட்தான். அதுல ஒண்ணுக்குப் பேரு ஈக்விவலன்ஸ். "இந்த வேரியபிளும் அந்த வேரியபிளும் ஒரே இடத்துல இருக்கட்டும்"னு சொல்றதுதான் அதோட வேலை. ப்ரோக்ராமோட முதல் பாதியில மட்டும் தேவைப்படுற ஒரு பெரிய அர்ரே, ரெண்டாம் பாதியில மட்டும் தேவைப்படுற இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி இடம் குடுக்க மெமரி இல்ல. அதனால ஒரே இடம். காலையில டிபன் கடை, ராத்திரி பரோட்டா கடை மாதிரி. 

இடத்தை மிச்சம் பண்ணத்தான் இது வந்துச்சு. ஆனா ஒரே இடத்துக்கு ஒரு முழு எண் பேரும் ஒரு தசம எண் பேரும் வைக்கலாம்னு தெரிஞ்சதும் மக்கள் சும்மா இருப்பாங்களா? தசமமா எழுதிட்டு முழு எண்ணா படிச்சு, உள்ள இருக்கிற பிட்டுகளை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணு கவனிங்க: இங்க ரெண்டு பத்திரமும் வெளிப்படையா, ப்ரோக்ராமோட தலைப்பகுதியிலேயே எழுதி இருக்கு. கம்பைலருக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். திருட்டுத்தனம் இல்ல. இருந்தும் இந்த வசதியால பட்ட பாடு போதும்னு, 2018 ஸ்டாண்டர்டுல இதை வழக்கொழிஞ்ச அம்சம்னு அறிவிச்சாங்க. 61 வருஷம் ஓடின வண்டி.

அடுத்த ஸ்டாப் பெல் லேப்ஸ். அங்க 1969-70 வாக்குல கென் தாம்சன் எழுதின பி மொழியில டைப்புங்கிற சமாச்சாரமே கிடையாது. எல்லாமே வேர்டு. அதை எண்ணா நினைச்சு கூட்டினா எண், அட்ரஸா நினைச்சு உள்ள போனா அட்ரஸ். டைப்பே இல்லாத ஊர்ல டைப் மாத்துறது ஒரு பிரச்சினையே இல்ல பாருங்க. இந்த கென் தாம்சனை ஞாபகம் வச்சுக்கங்க, கதையில திரும்ப வருவாரு.

பிடிபி-11 மெஷின் வந்தப்ப பைட் தனி, வேர்டு தனின்னு ஆச்சு. பி மொழி அதுக்கு ஒத்து வரல. டென்னிஸ் ரிட்சி அதுக்கு டைப்புகளைச் சேர்த்து சி-யா வளர்த்தாரு. ஆனா பழைய பழக்கம் லேசுல போகுமா? 1975-ல வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்போட சோர்ஸைப் பார்த்தா இப்பவும் தலை சுத்தும். ஒரு ஸ்ட்ரக்சருக்குள்ள இருக்கிற மெம்பர் பேரை, அந்த ஸ்ட்ரக்சருக்கு சம்பந்தமே இல்லாத சாதாரண முழு எண் மேல கூட போடலாம். டிவைஸ் நம்பர்னு ஒரு முழு எண். அது பின்னாடி புள்ளி வச்சு "மேஜர்"னு போட்டா மேல் பைட், "மைனர்"னு போட்டா கீழ் பைட். ப்ராசஸரோட ஸ்டேட்டஸ் வேர்டு இருக்கிற அட்ரஸ் எண்ணடி எட்டுல 177776. அந்த வெறும் எண்ணுக்கு ஒரு பேரு வச்சு, அதையே பாயிண்டரா பாவிச்சு, அம்புக்குறி போட்டு உள்ள இருக்கிறதைப் படிச்சாங்க. கம்பைலர் வாயே திறக்கல. ஆஸ்திரேலியாவுல ஜான் லயன்ஸ்ங்கிற பேராசிரியர் இந்த சோர்ஸுக்கு வரிவரியா உரை எழுதினாரு, நம்ம பரிமேலழகர் கணக்கா. அதை வச்சுத்தான் ஒரு தலைமுறையே ஆபரேட்டிங் சிஸ்டம் கத்துக்கிச்சு. கூடவே இந்தப் பழக்கத்தையும் கத்துக்கிச்சுன்னு நான் சொல்லுவேன்.

அப்ப இது தப்புன்னு யாருக்கும் தோணல. ஏன்னா ஏமாத்தப்படுறதுக்கு ஆளே இல்ல. கம்பைலர் நீங்க எழுதினதை அப்படியே மெஷின் கோடா மாத்தும், அவ்வளவுதான். அதுக்குன்னு சொந்தமா எந்த நம்பிக்கையும் இல்ல.

கம்பைலருக்கு புத்தி வந்தப்பதான் வம்பு ஆரம்பிச்சது.

ஃபோர்ட்ரான்ல ஒரு விதி உண்டு. ஒரு சப்ரொட்டீனுக்கு ரெண்டு அர்ரே அனுப்பினா, அதுக்குள்ள எழுதுற இடம் இன்னொண்ணோட மேல படக்கூடாது. இந்த உறுதி இருக்கிறதால கம்பைலர் தைரியமா வரிசை மாத்தி, மதிப்புகளை ரெஜிஸ்டர்லயே வச்சு, வேகமா ஓட்டும். சி-ல அந்த உறுதி கிடையாது, எந்தப் பாயிண்டரும் எதையும் காட்டலாம். 1980-கள்ல அன்சி கமிட்டி சி-க்கு ஸ்டாண்டர்டு எழுத உக்காந்தப்ப, இதைச் சரிபண்ண நோஅலையஸ்னு ஒரு புது வார்த்தையைக் கொண்டு வந்தாங்க. 1988-ல ரிட்சி கோவமா ஒரு கடிதம் எழுதி, இது போயே ஆகணும், இதுல பேரமே இல்லைன்னுட்டாரு. மொழியைப் பெத்தவரே சொன்னா? தூக்கிட்டாங்க.

ஆனா 1989-ல வந்த ஸ்டாண்டர்டுல சத்தமில்லாம இன்னொரு விதி உள்ள நுழைஞ்சிருந்தது. ஒரு இடத்துல இருக்கிற பொருளை அதோட சொந்த டைப் வழியாத்தான் தொடணும். விதிவிலக்கா, கேரக்டர் பாயிண்டர் வழியா எதை வேணும்னாலும் தொடலாம். அதாவது முழு எண் பாயிண்டர் வழியா எழுதினா, தசம எண் பாயிண்டர் காட்டுற இடம் மாறாதுன்னு கம்பைலர் நம்பிக்கலாம். ஒரு இடத்துக்கு ஒரு பத்திரம். விதி பேப்பர்ல இருந்தது. அதை வச்சு கம்பைலர்கள் ஒண்ணும் பண்ணாததால பத்து வருஷம் யாரும் கண்டுக்கல.

1999 ஜூலையில ஜிசிசி 2.95 வந்துச்சு. அது இந்த விதியை நிஜமாவே நம்ப ஆரம்பிச்சது. நெட்வொர்க்ல இருந்து வந்த பைட்டுகளை காப்பி எடுக்காம, அந்த பஃபர் மேலயே ஸ்ட்ரக்சர் பாயிண்டரைப் போட்டுப் படிக்கிற கோடு உலகம் பூரா இருந்தது. அதுல பல கோடு கன்னாபின்னான்னு உடைஞ்சது. உடைஞ்சதுன்னா க்ராஷ் ஆகல, அப்படி ஆகியிருந்தா கூட தேவலாம். புது மதிப்பு எழுதின பிறகும் பழைய மதிப்பைப் படிக்கும். ஆப்டிமைசேஷன் இல்லாம கம்பைல் பண்ணா சரியா ஓடும், போட்டா தப்பா ஓடும். ப்ரிண்ட் ஸ்டேட்மெண்ட் ஒண்ணு சேர்த்தா திரும்ப சரியாகிடும்! பேய் புடிச்ச வீடுதான். எழுந்த கூச்சல்ல அதே வருஷம் 2.95.2-ல இந்த வேலையைத் தற்காலிகமா நிறுத்தி வச்சாங்க, மக்கள் விதியைப் புரிஞ்சுக்க அவகாசம் குடுக்கிறோம்னு சொல்லி. 2001-ல 3.0 வந்தப்ப திரும்ப முறுக்கி விட்டுட்டாங்க.

லினக்ஸ் கெர்னல் பண்ண முடிவு சுவாரஸ்யமானது. கோடைத் திருத்தறதுக்குப் பதிலா, "எங்களுக்கு அந்த விதியே வேணாம்"னு கம்பைலருக்கு ஒரு ஃப்ளாக் குடுத்துட்டாங்க. இன்னைக்கும் கெர்னல் அந்த ஃப்ளாக்கோடதான் கம்பைல் ஆகுது. பைத்தானும் 2-ஆம் பதிப்பு வரை அதே வழிதான். அதோட ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ரெண்டு விதமான ஸ்ட்ரக்சர் பாயிண்டர் வழியா தொடப்பட்டது. 2007-ல பெப் 3123-னு ஒரு முன்மொழிவு எழுதி, 2008 டிசம்பர்ல வந்த 3.0-ல ஸ்ட்ரக்சரையே மாத்தி முறைப்படுத்தினாங்க. எனக்கு பைத்தான்காரங்க வழிதான் புடிச்சிருக்கு. ஆனா லினக்ஸ் அளவுக்கு கோடு இருந்தா நானும் ஃப்ளாக்தான் போட்டிருப்பேன், சத்தியமா.

(க்வேக் 3 விளையாட்டுல வர்க்கமூலத்தோட தலைகீழைக் கண்டுபிடிக்கிற அந்த மாயாஜாலக் கோடு பத்தி பலரும் எழுதியாச்சு. அதுவும் இதே குடும்பம்தான், தசம எண்ணோட அட்ரஸை "லாங்" பாயிண்டரா மாத்தி பிட்டை நோண்டுறது. 2005-ல சோர்ஸ் வெளியானதும் உலகப்புகழ். ஒரே ஒரு விஷயம் மட்டும்: அப்ப லாங்னா 32 பிட். இன்னைக்கு 64 பிட் லினக்ஸ்ல அது 64 பிட். அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணீங்கன்னா பக்கத்து வீட்டு 4 பைட்டையும் சேர்த்துப் படிக்கும்.)

இதுல ஒரு காமெடி என்னன்னா, சி-ல இதுக்கு முறையான வழி மெம்காப்பி போடுறது. "ஐயோ காப்பியா"ன்னு அலறுவோம். ஆனா நாலு பைட்டு, எட்டு பைட்டு மெம்காப்பியை இன்னைக்கு கம்பைலர் பார்த்த உடனே புரிஞ்சுக்கிட்டு ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷனா மாத்திடும், சில சமயம் அதுவும் இல்லாம ஆக்கிடும். காப்பியைத் தவிர்க்கணும்னு விதியை மீறினவன் கோடும், ஒழுங்கா காப்பி எடுத்தவன் கோடும் மெஷின்ல ஒண்ணுதான். சி ப்ளஸ் ப்ளஸ் 2020-ல இதுக்குன்னே பிட் காஸ்ட்னு ஒரு முறையான பேரும் வச்சாச்சு.

சரி, கோவுக்கு வருவோம். 2007-ல கூகுள்ல மூணு பேர் ஆரம்பிச்சாங்க: ராபர்ட் க்ரீசமர், ராப் பைக், அப்புறம் நம்ம கென் தாம்சன். 2009 நவம்பர் 10-ஆம் தேதி வெளியிட்டாங்க. எல்லாமே வேர்டுன்னு சொன்ன அதே மனுஷன், நாப்பது வருஷம் கழிச்சு, ஸ்ட்ரிங்கை யாராலயும் தொட முடியாதபடி ஒரு மொழியை வடிவமைக்கிற குழுவுல. ஆனா அதே மொழியில ஒரு கொல்லைப்புறக் கதவையும் வச்சாங்க, அன்சேஃப்னு பேர் போட்டு. பேர்லயே எச்சரிக்கை. 2012-ல கோ 1 வந்தப்ப "பழைய கோடு எப்பவும் ஓடும்"னு குடுத்த வாக்குல கூட, அன்சேஃப் பயன்படுத்தினவங்களுக்கு அந்த வாக்கு பொருந்தாதுன்னு எழுதிட்டாங்க.

உள்ள அமைப்பு ரொம்ப எளிமை. ஸ்ட்ரிங்னா ரெண்டு வேர்டு: பைட்டுகள் இருக்கிற அட்ரஸ், நீளம். ஸ்லைஸ்னா மூணு வேர்டு: அட்ரஸ், நீளம், கொள்ளளவு. முதல் ரெண்டும் ஒண்ணா இருக்கிறதால ஸ்லைஸை ஸ்ட்ரிங்கா படிச்சா அழகா வேலை செய்யும், மூணாவது வேர்டை யாரும் பார்க்க மாட்டாங்க. இதைப் பார்த்துட்டு ஆளுங்க தலைகீழாவும் பண்ணாங்க. ஸ்ட்ரிங்கை ஸ்லைஸா படிக்கிறது. அப்ப மூணாவது வேர்டு? அங்க பக்கத்துல என்ன குப்பை கிடக்கோ அதுதான் கொள்ளளவு! அது பெரிய எண்ணா இருந்து, நீங்க அந்த ஸ்லைஸ்ல ஏதாவது சேர்க்கப் போனா, "இடம் நிறைய இருக்கே"ன்னு நம்பி அடுத்தவன் மெமரியில எழுதும்.

இதைத் தவிர்க்க ரிஃப்ளெக்ட் பேக்கேஜ்ல இருந்த ஹெடர் டைப்புகளை எடுத்துக்கிட்டாங்க. அதுல இன்னொரு கண்ணி. அந்த ஹெடர்ல அட்ரஸ் இருக்கிறது பாயிண்டரா இல்ல, வெறும் எண்ணா. கார்பேஜ் கலெக்டர் எண்ணைப் பார்த்தா அதை அட்ரஸுன்னு நினைக்காது. "இந்த இடத்தை யாரும் வச்சுக்கல போல"ன்னு காலி பண்ணிட்டுப் போயிடும். அந்த எண்ணைத் திரும்ப பாயிண்டரா மாத்துறதுக்கு நடுவுல இருக்கிற அந்தத் துளி நேரத்துல கலெக்டர் வந்தா மட்டும்தான் ஆபத்து. அதனால லட்சத்துல ஒரு தடவை. டெஸ்ட்ல வரவே வராது.

2014 ஜூன்ல வந்த கோ 1.3 நிலைமையை இன்னும் இறுக்கிச்சு. ஸ்டாக்குக்கு இடம் பத்தலைன்னா, முழு ஸ்டாக்கையும் பெரிய இடத்துக்கு மாத்தி, அதைக் காட்டுற பாயிண்டர்களை எல்லாம் திருத்திக் குடுக்கும். பாயிண்டர்களை மட்டும். எண்ணா ஒளிச்சு வச்ச அட்ரஸ் பழைய வீட்டு முகவரியாவே நின்னுடும். சி-ல ஏமாந்தது ஆப்டிமைசர். இங்க ஏமாந்தது ரன்டைம். ஆள்தான் மாறியிருக்கு.

இதெல்லாம் கூட மெக்கானிக் பிரச்சினை, கவனமா இருந்தா தப்பிக்கலாம். நான் இந்தப் பதிவை எழுத உக்காந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

பத்திரத்தை சரியாவே எழுதிட்டீங்க, அட்ரஸ் சரி, நீளம் சரி, கலெக்டரும் தொடல. இப்ப உங்க கையில ஒரு ஸ்ட்ரிங். அதோட அடியில இருக்கிறது இன்னொருத்தர் எப்ப வேணும்னாலும் எழுதக்கூடிய பஃபர். வேகமான சர்வர்கள் என்ன பண்ணும்னா, ஒரு ரெக்வெஸ்ட் முடிஞ்சதும் அந்த பஃபரைத் தூக்கிப் போடாம அடுத்த ரெக்வெஸ்ட்டுக்கு அதையே குடுக்கும். உதாரணத்துக்கு, பஃபர்ல ஆர்டர் நம்பர் 48213 வந்துச்சு. அதுக்கு ஸ்ட்ரிங்னு பத்திரம் எழுதி, ஒரு மேப்ல எடுத்து வச்சாச்சு. அடுத்த ஆள் வந்தாரு, அவர் நம்பர் 7706. அதே பஃபர்ல எழுதினாங்க. இப்ப மேப்ல இருக்கிற ஸ்ட்ரிங்கைப் படிச்சா? 77063. முதல் ஆளோடதும் இல்ல, ரெண்டாவது ஆளோடதும் இல்ல. அந்த நம்பர்ல மூணாவதா ஒரு வாடிக்கையாளர் நிஜமாவே இருந்துட்டா, அவரோட விவரம் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் ஸ்க்ரீன்ல.

மேப்புக்குள்ள நடக்கிறது இன்னும் வேடிக்கை. சாவியை உள்ள வைக்கும்போது அதோட ஹேஷைக் கணக்குப் போட்டு ஒரு அறையில வச்சாச்சு. சாவி பின்னாடி மாறிடுச்சு, அறை மாறல. 48213-னு தேடினா அறை சரி, உள்ள இருக்கிற சாவி பொருந்தாது. 77063-னு தேடினா ஹேஷ் வேற, பொதுவா வேற அறைக்குப் போய் வெறுங்கையோட திரும்பும். ஆனா மேப்பை மொத்தமா சுத்தி வந்து அச்சடிச்சா அந்த எண்ட்ரி கண்ணு முன்னாடி நிக்கும்! இருக்கு, ஆனா கிடைக்காது.

தலைகீழ் திசையில போனா வேற மாதிரி. கோடுலயே எழுதின மாறாத ஸ்ட்ரிங்குகளை படிக்க மட்டும் அனுமதி உள்ள மெமரிப் பக்கத்துல வச்சிருப்பாங்க. அதை ஸ்லைஸா மாத்தி ஒரு பைட்டை எழுதினா ஆபரேட்டிங் சிஸ்டம் மண்டையில போடும். கோவுல சாதாரண பேனிக்கை ரெகவர் போட்டு பிடிச்சுடலாம். இது வழக்கமா பிடிபடாத ஃபேட்டல் எர்ரர், ப்ராசஸே செத்துடும். என்னைக் கேட்டா இதுதான் நல்ல சாவு. சத்தம் போட்டுச் சாகுது, எங்கன்னு சொல்லிட்டுச் சாகுது. 77063 சத்தமே போடாது.

2015-ல வந்த ஃபாஸ்ட்ஹெச்டிடிபி லைப்ரரி இந்த பஃபர் மறுபயன்பாட்டை உச்சத்துக்குக் கொண்டு போச்சு. அது உங்ககிட்ட பெரும்பாலும் பைட் ஸ்லைஸாத்தான் குடுக்கும், "ஹேண்ட்லர் முடிஞ்ச பிறகு இதைத் தொடாதே"ன்னு டாக்குமெண்ட்லயும் சொல்லும். அது நியாயம். ஸ்லைஸைப் பார்த்தா எந்த கோ ஆளுக்கும் "இது மாறலாம்"னு ஒரு பயம் வரும். அது மேல 2020-ல வந்த ஃபைபர் ஃப்ரேம்வொர்க் அதையே ஸ்ட்ரிங்காக் குடுத்துச்சு. டாக்குமெண்ட்ல தெளிவாவே எழுதியிருக்காங்க: இந்த மதிப்புகள் மாறாதவை அல்ல, அடுத்த ரெக்வெஸ்ட்ல மறுபடி பயன்படும், வேணும்னா காப்பி எடுத்துக்க. இம்யூட்டபிள்னு ஒரு செட்டிங்கும் உண்டு, போட்டா அவங்களே காப்பி எடுத்துக் குடுப்பாங்க. ஒளிவுமறைவு இல்ல, ஒத்துக்கறேன்.

இருந்தாலும் எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. ஸ்ட்ரிங்ங்கிற டைப் ஒரு வாக்கு. மொழி குடுத்த வாக்கு. அந்த ஸ்ட்ரிங்கை வாங்கி, அஞ்சு ஃபங்ஷன் தாண்டி, வேற டீம் எழுதின கேஷ்ல வைக்கிற பொண்ணுக்கோ பையனுக்கோ உங்க ஃப்ரேம்வொர்க் பேரே தெரியாது. அவங்க எந்த டாக்குமெண்ட்டைப் படிப்பாங்க? அவங்க படிச்சது டைப்பை மட்டும்தான், அதுவே போதும்னுதானே டைப்பே வச்சிருக்கு. மைக்ரோசெகண்டை மிச்சம் பிடிச்சவர் ஒருத்தர், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பப்படுறவர் இன்னொருத்தர்.

வாக்கைக் காப்பாத்திக்கிட்டே இந்த வித்தையைச் செய்ய முடியுமான்னா, முடியும். 2018 பிப்ரவரியில கோ 1.10-ல வந்த ஸ்ட்ரிங்ஸ் பில்டரைப் பாருங்க. பைட்டுகளைச் சேர்த்துக்கிட்டே போய், கடைசியில காப்பி இல்லாம ஸ்ட்ரிங்காக் குடுக்கும். உள்ள அதே ஒரு வரி அன்சேஃப்தான்! ஆனா எழுதின பைட் மேல திரும்ப எழுதவே எழுதாது, பின்னாடி மட்டும்தான் சேர்க்கும். ரீசெட் பண்ணா பஃபரை மறுபடி பயன்படுத்தாது, விட்டுட்டு புதுசு வாங்கும். பில்டரையே வேற வேரியபிளுக்கு காப்பி பண்ணி எழுதப் பார்த்தா பேனிக் ஆகும். ரெண்டாவது பத்திரம் எழுதின உடனே முதல் பத்திரத்தைக் கிழிச்ச மாதிரி.

மொழியிலேயே இதுக்கு வழி பண்ணலாம்னு 2013-ல ப்ராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு யோசனை வச்சாரு: படிக்க மட்டும் முடியற ஸ்லைஸ்னு ஒரு டைப். ஸ்ட்ரிங்கையும் ஸ்லைஸையும் காப்பி இல்லாம அதுவா மாத்திக்கலாம். ரஸ் காக்ஸ் அதை விரிவா ஆராய்ஞ்சு வேண்டாம்னாரு. அவர் சொன்னதுல எனக்கு முக்கியமாப் பட்டது இது: "நான் மாத்த மாட்டேன்" வேற, "யாரும் மாத்த மாட்டாங்க" வேற. படிக்க மட்டும் அனுமதிக்கிற டைப் முதல் வாக்கைத்தான் தரும். நாம ஸ்ட்ரிங்கை நம்புறது ரெண்டாவது வாக்குக்காக.

ரஸ்ட்காரங்க (1.0 வந்தது 2015 மே) இந்த முடிச்சை வேற மாதிரி அவிழ்த்தாங்க. ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர். பைட் வெக்டரை ஸ்ட்ரிங்கா மாத்தினா, வெக்டர் பேரை அதுக்கப்புறம் நீங்க உச்சரிக்கவே முடியாது, கம்பைல் ஆகாது. பழைய பத்திரம் தானாவே செல்லாம போயிடும். யுடிஎஃப்-8 சரியான்னு ஒரு தடவை பார்க்கும், காப்பி கிடையாது. நம்ம ஊர்ல சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் இப்படி இருந்தா எத்தனை குடும்பம் பிழைச்சிருக்கும்!

கோவுல சொந்தக்காரர்ங்கிற கருத்தே கிடையாது. அதனால அவங்க மெதுவா வேற பாதையில வந்தாங்க. 2020-ல 1.14 தப்பான பாயிண்டர் கணக்குகளை ஓடும்போதே பிடிக்கிற சோதனையைச் சேர்த்தது. 2021 ஆகஸ்ட்ல 1.17-ல அன்சேஃபுக்குள்ள ஸ்லைஸ் செய்யற முறையான ஃபங்ஷன். 2022-ல 1.18-ல ஸ்ட்ரிங்ஸ் க்ளோன், அதாவது வேணும்னே காப்பி எடுக்கிறதுக்குன்னு ஒரு ஃபங்ஷன். ஒரு பெரிய ஸ்ட்ரிங்ல இருந்து வெட்டின சின்னத் துண்டு மொத்த ஸ்ட்ரிங்கையும் மெமரியில பிடிச்சு வைக்காம இருக்க. 2023 பிப்ரவரியில 1.20-ல ஸ்ட்ரிங்குக்கும் அதே மாதிரி முறையான ஃபங்ஷன்கள். அதே ஆகஸ்ட்ல 1.21 அந்தப் பழைய ஹெடர் டைப்புகளை ஓய்வு குடுத்து அனுப்பிச்சது. இப்ப அட்ரஸை எண்ணா ஒளிக்க வேண்டிய அவசியம் இல்ல, மூணாவது வேர்டுல குப்பை வர வழியும் இல்ல. ஆனா 77063-ஐ இந்த ஃபங்ஷன்கள் தடுக்காது. பைட்டுகளை அப்புறம் மாத்தாதேன்னு டாக்குமெண்ட்ல எழுதியிருக்கு, அவ்வளவே.

அதை கம்பைலரே பார்த்துக்கிட்டா? சில சின்ன இடங்கள்ல அது ரொம்ப நாளாவே நடக்குது. பைட் ஸ்லைஸை ஸ்ட்ரிங்கா மாத்தி மேப்ல தேட மட்டும் செஞ்சா, இல்ல இன்னொரு ஸ்ட்ரிங்கோட ஒப்பிட மட்டும் செஞ்சா, காப்பி எடுக்காது. ஸ்ட்ரிங்ல இருந்து ஸ்லைஸுக்குப் போற திசையில பொதுவான தீர்வு வேணும்னு 2011-லேயே கோரிக்கை வச்சிருந்தாங்க. பன்னிரண்டு வருஷம் கழிச்சு வேலை முடிஞ்சு, 2024 பிப்ரவரியில வந்த 1.22-ல சேர்ந்தது: அந்த ஸ்லைஸ் மேல யாரும் எழுதலைன்னு கம்பைலரால நிரூபிக்க முடிஞ்சா, நீங்க சாதாரணமா எழுதின மாற்றத்துக்கே காப்பி கிடையாது. அன்சேஃப் தேவையில்ல, ஒரு வரி கூட மாத்த வேண்டாம். ரிலீஸ் குறிப்புல கூட பெருசா தம்பட்டம் அடிக்கல.

எதிர்த் திசை, அதாவது பைட்டுல இருந்து ஸ்ட்ரிங்குக்கு, பொதுவா இன்னும் காப்பிதான். அங்க நிரூபிக்க வேண்டியது "இந்த ஃபங்ஷன் எழுதலை"ங்கிறது இல்ல, "இனிமே யாரும், எங்கேயும் எழுத மாட்டாங்க"ங்கிறது.